'லைன்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா? பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

பஹாவ் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பஹாவிலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் 2 படிக்கிறாள். ஆங்கில டீச்சர் 'லைன்' என்ற சொல்லைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பொருள் வருகிற மாதிரி பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். இதென்ன பெரிய வேலை, கோடு போடு, வரிசையில் நில் என்று எழுதினால் ஆயிற்று என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டோடு வண்டி நின்றுவிட்டது. அகராதியைத் திறந்தால் அந்த ஒரு சொல்லே பக்கத்தைத் தாண்டி ஓடுகிறது. கோடு, வரிசை, கயிறு, ரயில் பாதை, டெலிபோன் தொடர்பு, கவிதையின் அடி, நாடக வசனம், முகச்சுருக்கம், பரம்பரை, செய்கிற தொழில், போர்முனை, இத்தனைக்கும் மேல் வினைச்சொல்லாகவும் வருகிறதாம். "ஏம்மா, பாட்டி நெத்தியில இருக்கிற சுருக்கமும் கெமாஸ் போற ரயிலும் எப்படிம்மா ஒரே சொல்லு?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பயிற்சிப் புத்தகத்தில் வந்த வாக்கியங்களுக்கு அவள் எழுதிய அர்த்தத்தைப் பாருங்கள். 'ஹோல்டு த லைன், ப்ளீஸ்' என்றால் 'தயவுசெய்து கோட்டைப் பிடித்துக்கொள்ளவும்'. 'பாம் ட்ரீஸ் லைன் த ரோடு' என்றால் 'செம்பனை மரங்கள் சாலையில் கோடு போடுகின்றன'. 'ஹி ஃபெட் ஹெர் எ லைன்' என்பதற்கு 'அவன் அவளுக்கு வரிசையாக ஊட்டிவிட்டான்'. சிரிப்பு வந்தாலும், சரியான அர்த்தம் என்ன என்று கேட்டால் கடைசி வாக்கியத்தில் எனக்கே சந்தேகம்.

இன்னொன்று. அவளாகவே 'மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன் இன் த லைன்ஸ்' என்று ஒரு வாக்கியம் எழுதினாள். என் அம்மா ரொம்பின் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். வீட்டில் லயம், லைன் வீடு என்று பேசிக் கேட்டதால் அப்படி எழுதிவிட்டாள். டியூஷனில் 'இது தமிழர்கள் பேசும் ஆங்கிலம், எழுதக் கூடாது' என்று அந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார்களாம். அது உண்மையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. மகள் எழுதியது சரியான ஆங்கிலம். தொழிலாளர்களோ ராணுவத்தினரோ வரிசையாகக் கட்டிய வீடுகளில் குடியிருந்தால் அந்தக் குடியிருப்பை 'லைன்ஸ்' என்று பன்மையில் சொல்வது வெள்ளைக்காரனே வைத்த வழக்கம். இந்தியாவில் போலீஸ் லைன்ஸ், சிவில் லைன்ஸ் என்று ஊருக்கு ஊர் இடப்பெயராகவே இருக்கிறது. நம் தோட்டத்து லயமும் இலங்கை மலையகத்து லயனும் அந்த வழியில் வந்தவைதான். ஒரே ஒரு திருத்தம், தோட்டம் தெரியாதவருக்கும் புரியும்படி 'எஸ்டேட் லைன்ஸ்' அல்லது 'லேபர் லைன்ஸ்' என்று எழுதினால் யாரும் கை வைக்க முடியாது. அடித்தவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பெரிய அகராதியைத் திறந்து காட்டினால் போதும்.

இப்போது மகளின் கேள்வி. நல்ல கேள்வி அது. இந்தச் சொல்லின் வேர் ஆளிச்செடி. ஆமாம், ஆளிவிதை என்று கடையில் விற்கிறார்களே, அதே செடிதான். அதன் தண்டு நாரிலிருந்து நூல் எடுத்து லினன் துணி நெய்வார்கள். லத்தீனில் அந்தச் செடிக்கு 'லினும்' என்று பெயர், அந்த நூலுக்கு 'லீனியா'. ஆங்கிலத்துக்குள் இது இரண்டு பக்கமாக நுழைந்தது. பழைய ஆங்கிலத்தில் கயிறு என்ற பொருளில் ஒன்று ஏற்கெனவே இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் வழியாகக் கோடு என்ற பொருளில் இன்னொன்று வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான்.

ஆகவே மகளிடம் 'லைன் என்றால் கோடு' என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். 'லைன் என்றால் இழுத்துப் பிடித்த நூல்' என்று ஆரம்பியுங்கள். தூண்டில் நரம்பு, துணி காயப்போடும் கொடி எல்லாம் நேராக அதே நூல். தச்சர் நூலில் சாயம் தோய்த்துப் பலகை மேல் சுண்டினால் விழுகிற தடம் கோடு. நெற்றிச் சுருக்கமும் தடம்தான். அந்தத் தடத்தின் மேல் ஆட்களையோ மரங்களையோ நிறுத்தினால் வரிசை. எழுத்துகளை நிறுத்தினால் ஏட்டில் வரி, அந்த வரியை நடிகர் மேடையில் பேசினால் வசனம். தடத்தின் மேல் வண்டி ஓடினால் ரயில் லைன், அதன் பிறகு பஸ் லைன், கப்பல் லைன், ஏர்லைன். டெலிபோன் வந்த காலத்தில் அது நிஜமாகவே ஒரு கம்பி, அதனால் அதுவும் லைன். தாத்தா, அப்பா, பிள்ளை என்று அறுபடாமல் வந்தால் வம்சம். ஒவ்வொரு பொருளும் பக்கத்துப் பொருளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. நெற்றியையும் ரயிலையும் மட்டும் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

'ஹி ஃபெட் ஹெர் எ லைன்' என்பது வசனக் கிளையில் வருவது. மனப்பாடம் செய்து வைத்த வசனம் மாதிரி ஏதோ கதை அளந்து அவளை நம்பவைத்தான், அவ்வளவுதான். 'டோன்ட் கிவ் மி தட் லைன்' என்றாலும் அதே, என்னிடம் கதை விடாதே. 'டிராப் மி எ லைன்' என்றால் மட்டும் நல்ல விதமாக, இரண்டு வரி எழுதிப் போடு. 'ஹோல்டு த லைன்' என்பதற்கு டெலிபோனில் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள் என்று பொருள், போர்முனையில் அதையே சொன்னால் நின்ற இடத்தை விட்டு நகராதே. செம்பனை வாக்கியத்தில் அது வினைச்சொல், சாலையின் இரு பக்கமும் மரங்கள் வரிசையாக நிற்கின்றன.


பழைய கண்டக்டர் எழுதியது:

டீச்சர் நூல் என்று சொன்னதும் கை சும்மா இருக்கவில்லை, எழுதிவிடுகிறேன். நான் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கண்டக்டராக, அதாவது வெளிவேலை மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். (பஸ் கண்டக்டர் இல்லை, தம்பிகள் யாரும் டிக்கெட் கேட்க வேண்டாம்.) எங்கள் வேலையில் 'லைனிங்' என்று ஒன்று உண்டு. பழைய ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடும்போது முதலில் நடப்பது அதுதான். அங்கே லைன் என்பது நிஜமாகவே கயிறு.

செம்பனையைச் சதுரமாக நட மாட்டார்கள், முக்கோணமாக நடுவார்கள். வழக்கமான கணக்கு மரத்துக்கு மரம் 9 மீட்டர், மூன்று பக்கமும் சமம். அப்படி நட்டால் வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர் வரும், ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 143 கன்று பிடிக்கும். முதலில் நிலத்தில் ஒரு தாய்க்கோடு எடுப்போம், பெரும்பாலும் வடக்கு தெற்காக, வெயில் எல்லா மரத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. பிறகு ஒரு நீளக் கம்பிக்கயிறு. அதில் 9 மீட்டருக்கு ஒரு இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். இரண்டு முனையிலும் இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள், நடுவில் ஒருவர் முளைக்குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு துணி இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி அடித்துக்கொண்டே போவார். கயிறு கொஞ்சம் தொய்ந்தால் போச்சு, அந்தத் தப்பு அடுத்த வரிசையில் இரட்டிப்பாகும். முடித்ததும் ஏதாவது ஒரு குச்சிக்குப் பின்னால் குந்தி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். மூன்று திசையிலும் குச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே குச்சி மாதிரி தெரிந்தால் லைன் சுத்தம். ஒரு குச்சி எட்டிப் பார்த்தால் பிடுங்கி மறுபடியும் அடி. செம்பனை இருபத்தைந்து வருடம் நிற்கிற மரம், கோணலாக நட்டால் அடுத்த மறுநடவு வரை போகிற வருகிற துரைமார் எல்லாம் கேட்பார்கள், இதை யார் லைனிங் பண்ணியது என்று.

மேட்டுக்காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மலையைச் சுற்றிப் படி வெட்டி, அந்தப் படியின் வளைவிலேயே நட வேண்டும். அதையும் லைனிங் என்றுதான் சொல்வோம், நேர்கோடு ஒன்று கூட இருக்காது.

லயம் விஷயத்துக்கு வருகிறேன். லயம் என்பது குதிரை லாயத்திலிருந்து வந்தது, நம்மவர்களைக் குதிரை மாதிரி அடைத்து வைத்ததால் அந்தப் பெயர் என்று சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். கைதட்டல் வாங்கலாம், ஆனால் லாயம் வேறு சொல். வேடிக்கை என்னவென்றால் பட்டாளத்து ஆங்கிலத்தில் குதிரைகளை வரிசையாகக் கட்டி வைக்கும் இடத்துக்கும் 'ஹார்ஸ் லைன்ஸ்' என்றுதான் பெயர், அதனால் அந்தப் பேச்சாளர்கள் தப்பான வழியில் போய்ச் சரியான ஊரில் இறங்கிய கணக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்காரனின் காகிதங்களில் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதியிருப்பான். அந்த முதல் சொல்லை மகள் வாக்கியத்தில் சேர்க்க வேண்டாம் அம்மா, நம் அப்பன் பாட்டன் வாங்கின வசவு அது.


மோட்டோ தம்பி எழுதியது:

டீச்சர், நாங்க தினம் சொல்ற லைன் எங்கே? தோட்டத்துக்குள்ள போனா 'லைன் இல்லலா', மழை பேஞ்சா 'லைன் தொங்குது'. மலாய் நண்பர்களும் 'லைன் தக்டே'ன்னுதான் சொல்றாங்க. சீனன் கடையிலும் அதே. இதையும் அக்கா மகள் ஒரு வாக்கியமா எழுதலாம்ல? பத்துல ஒண்ணு குறையும். அப்புறம் ஒரு பொண்ணு பின்னால சுத்துறதுக்கும் லைன் போடுறதுன்னு சொல்றோமே, அதுக்கும் ஆளிச்செடிதான் வேரா?


சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

தம்பி, கைப்பேசிக்கு அலை கிடைக்கவில்லை என்பதற்கு 'நோ லைன்' என்பது மலேசியாவில் மட்டும் செல்லும் காசு. இங்கே மூன்று இனமும் புரிந்துகொள்ளும், லண்டனில் சொன்னால் எந்த வரிசை என்று கேட்பார்கள். தேர்வில் 'நோ சிக்னல்' அல்லது 'நோ கவரேஜ்' என்று எழுத வேண்டும். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது கரகரவென்று கேட்டால் 'த லைன் இஸ் பேட்' என்பது சரியான ஆங்கிலம், வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தால் 'த லைன் இஸ் பிஸி' என்பதும் சரி. இணைப்பு இருந்து அது மோசமாக இருந்தால் லைன், இணைப்பே கிடைக்காவிட்டால் சிக்னல் என்று வைத்துக்கொள்.

பெண் பின்னால் சுற்றும் லைன் நம் பக்கத்துப் பேச்சில் வந்தது, ஆங்கிலத்தில் கிடையாது. ஆங்கிலத்தில் அந்தப் பக்கம் இருப்பது 'பிக்-அப் லைன்', அதாவது பேச்சைத் தொடங்குவதற்காகத் தயார் செய்து வைக்கும் வசனம். பழைய வசனக் கிளைதான்.


தையல் அக்கா எழுதியது:

ரவிக்கைக்கு லைனிங் கொடுக்கிறோமே, அதற்கும் வரிசைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. டீச்சர் ஆளி என்று எழுதியதைப் பார்த்ததும் பிடிபட்டது. அந்தக் காலத்தில் உள்பக்கம் லினன் துணி கொடுத்துத் தைத்திருப்பார்கள், அதனால் லைனிங், சரிதானே டீச்சர்? இப்போது லினனுக்கும் லைனிங்குக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் பருத்தியும் பாலியஸ்டரும்தான். மெல்லிய சேலைக்குப் பருத்தி லைனிங் கொடுப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்ளே சுருங்கி, வெளித்துணி பொங்கிக்கொண்டு நிற்கும். தீபாவளி நேரத்தில் அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொன்னால் காதில் ஏறுவதில்லை.


சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி அக்கா. உள்ளே லினன் கொடுப்பது என்ற பொருளில்தான் அந்த வினைச்சொல் பிறந்தது, பிறகு எதை உள்ளே கொடுத்தாலும் 'லைன்' ஆகிவிட்டது. கேக் தட்டில் காகிதம் விரிப்பதும் 'லைன் த டின்' தான். 'லைன் ஹிஸ் பாக்கெட்ஸ்' என்றால் தன் சட்டைப் பைக்குள் பணத்தால் லைனிங் கொடுத்துக்கொள்கிறான், அதாவது காப்பிக்காசு (லஞ்சம்) வாங்கிக் கொழுக்கிறான். படிவம் 2 பிள்ளை இந்த ஒரு வாக்கியத்தை எழுதினாலே டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார்.


காரசாரம் எழுதியது:

எனக்கு இந்த மாதிரி வீட்டுப்பாடமே பிடிக்கவில்லை, மன்னிக்கவும். பத்துப் பொருளைப் பத்து வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடுமா? நாளைக்கு 'செட்' என்று கொடுப்பார்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் 2ஆம் பதிப்பில் மிக நீளமான பதிவு அந்தச் சொல்லுக்குத்தான், 430 பொருள். அதற்கப்புறம் 'ரன்' அதை முந்திவிட்டது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 என்று அகராதிக்காரர்களே எண்ணியிருக்கிறார்கள். எத்தனை வாக்கியம் எழுதுவீர்கள்? சின்னச் சொல்லாக இருந்தால் அதிகம் புழங்கும், அதிகம் புழங்கினால் பொருள் பெருகும், எல்லா மொழியிலும் இதே கதைதான்.

நம் 'வரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வரிப்புலி மேல் இருப்பதும் வரி, புத்தகத்தில் இருப்பதும் வரி, அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரி. 'கோடு' இன்னும் மோசம், நமக்கு அது வெறும் கோடு, சங்கப் பாட்டில் யானைத் தந்தமும் கோடு, மலை உச்சியும் கோடு, மரக்கிளையும் கோடு, குளக்கரையும் கோடு. இதில் நம் ஊர்ப் பெரியவர்கள் கோர்ட்டையும் கோடு என்று சொல்லி ஒன்றைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். யாராவது நமக்குப் பத்து வாக்கியம் எழுத வைத்தா இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? பேச்சிலும் படிப்பிலும் தானாக வந்தது. பிள்ளைக்கு நல்ல கதைப் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள் அக்கா, சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று அதுவே பிடித்துக்கொள்ளும்.


பழைய கண்டக்டர் எழுதியது:

வீட்டுப்பாடம் நாளைக்குக் கொடுக்க வேண்டும், கதைப் புத்தகம் படித்து முடிக்கிற வரை அந்தப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கவா? இரண்டும் வேண்டும் ஐயா. ஆனால் சொல் தனியாக வராது, கூட்டாளியோடு வரும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சருக்கு ஒரு கேள்வி. எங்கள் ஆட்கள் காலம் முழுக்க 'டேப்பிங்' செய்தவர்கள். ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டையை வெட்டுவதும் டேப், தண்ணீர்க் குழாயும் டேப், இப்போது டோல் சாவடியில் அட்டையைத் தட்டுவதும் டேப். இவையும் லைன் மாதிரி ஒரே பாட்டியின் பேத்திகளா?


சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

இல்லை ஐயா, அது வேறு கதை. பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கிப் பானம் இறக்குவதற்கு ஆங்கிலத்தில் பழங்காலம் தொட்டே டேப் என்று பெயர். தண்ணீர்க் குழாயும் அதிலிருந்து வந்தது, பட்டையைக் கீறிப் பால் இறக்குவதும் அதிலிருந்து வந்தது. யாரோ பேசுவதைக் கள்ளத்தனமாக ஒட்டுக்கேட்கும் டெலிபோன் டேப்பிங் கூட அந்தப் பக்கம்தான், கம்பியிலிருந்து பேச்சை இறக்குகிறார்கள். மெதுவாகத் தட்டுவது என்ற டேப் பிரெஞ்சிலிருந்து வந்த இன்னொரு சொல். எழுத்தும் ஓசையும் ஒன்றாகிப்போனதே தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. ஆகவே உங்கள் ஆட்கள் மரத்தில் செய்த டேப்பும் டோலில் செய்யும் டேப்பும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டுமே.


பஹாவ் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நூல், தடம், வரிசை என்று சொன்னதும் மகள் தானாகவே நாலைந்து எழுதிவிட்டாள். லைனிங் வாக்கியத்தில் தையல் அக்காவின் ரவிக்கையையே வைத்துவிட்டாள்.

இப்போது புதுச் சிக்கல். 'டோ த லைன்', 'க்ராஸ் த லைன்', 'டிரா த லைன்' மூன்றும் ஒரே மாதிரி தெரிகிறது, எல்லாவற்றிலும் ஒரு கோடு இருக்கிறது. 'டோ' என்றால் பழுதான காரை இழுத்துக்கொண்டு போவது என்று நினைத்து 'த லாரி டோஸ் த லைன்' என்று எழுதியிருக்கிறாள். 'டெட்லைன்' என்பதில் செத்தது யார் என்றும் கேட்கிறாள்.


சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

லாரியைக் கழற்றி விடச் சொல்லுங்கள். இது கால் விரல் என்ற பொருள் கொண்ட 'டோ', எழுத்துக்கூட்டலே வேறு. தரையில் ஒரு கோடு, எல்லாரும் கால் விரல் நுனி அந்தக் கோட்டைத் தொடும்படி நேராக நிற்க வேண்டும். பந்தயம் தொடங்கும் இடத்திலும், கப்பல் தளத்தில் மாலுமிகளை அணிவகுக்க வைக்கும்போதும் அப்படித்தான். தோட்டத்து வழக்கில் சொன்னால் விடியற்காலைப் பெரட்டு, அதாவது வேலைக்குப் போகும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்துவது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோலை, அதாவது பேர்ப்பதிவேட்டை, கையில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிடும்போது வரிசையை விட்டு யாரும் நகர முடியாது இல்லையா, அதுதான். இன்றைக்கு அதற்குப் பொருள் மேலிடம் சொல்வதற்கு மறுபேச்சு பேசாமல் கட்டுப்படுவது. கட்சிக்காரர்களைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி வரும்.

'டிரா த லைன்' என்றால் இதற்கு மேல் முடியாது என்று நாமே எல்லை வகுப்பது. மகன் காரை இரவல் கேட்டால் கொடுப்பேன், பெட்ரோலுக்கும் காசு கேட்டால் அங்கே கோடு போட்டுவிடுவேன். 'க்ராஸ் த லைன்' என்றால் அப்படிப்பட்ட எல்லையை ஒருவர் மீறுவது, கேலி செய்யலாம், அம்மா அப்பாவை இழுத்தால் எல்லை மீறல். மாலுமிகள் மட்டும் அதையே பூமத்திய ரேகையைக் கடப்பதற்குச் சொல்வார்கள், அவர்களுக்கு 'த லைன்' என்றால் அந்த ரேகைதான். சிங்கப்பூருக்குத் தெற்கே கொஞ்ச தூரம் கப்பலில் போனாலே அது வந்துவிடும்.

செத்தது யார் என்ற கேள்விக்கு நிஜமாகவே பதில் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் 1864-ல் போர்க்கைதிகளுக்கு ஒரு முகாம் போட்டார்கள். உயரமான மரச்சுவர், அதற்குள்ளே சுமார் 19 அடி தள்ளி ஒரு சின்ன மரக்கிராதி. கைதி அந்தக் கிராதியைத் தாண்டினால், ஏன், அதன் மேல் கை வைத்தாலே காவற்கோபுரத்திலிருந்து சுட்டுவிடுவார்கள். அதற்குத்தான் 'டெட்லைன்' என்று பெயர். முகாமின் தளபதி ஹென்றி விர்ஸைப் போர் முடிந்ததும் 1865-ல் தூக்கில் போட்டார்கள். சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அதை வைத்துக்கொண்டார்கள், அங்கிருந்து நம் வீட்டுப்பாடம் வரை வந்துவிட்டது.

இன்னும் ஒன்றிரண்டு குறைந்தால், கணக்கு ஏட்டின் கடைசி வரியான 'பாட்டம் லைன்', அதாவது கடைசியில் மிஞ்சுவது லாபமா நட்டமா. பிறகு தொழில் என்ற பொருளில் 'வாட் லைன் ஆர் யு இன்'. நாமே தமிழில் 'என்ன லைன்ல இருக்கீங்க' என்று கேட்கிறோம், அதனால் மகளுக்குச் சிரமம் இருக்காது.


ஸ்டேஷன் பக்கத்து வீடு எழுதியது:

நம் ஊரிலேயே லைன் ஓடுகிறது, அதை யாரும் சொல்லவில்லையே. கிழக்குக்கரை ரயில் பாதையில் முதலில் திறந்த பகுதியே கெமாஸ் முதல் பஹாவ் வரைதான், 1910-ல். வடக்குக் கோடியில் இருக்கும் தும்பாட் வரை போய்ச் சேர 1931 ஆயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பாதையில் வடக்கே ஒரு பெரிய பகுதியின் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய், சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போகும் சயாம் ரயில் போட்டான். அந்த ரயில் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன நம் ஆட்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பெரிய தாத்தா.

என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். 'லைன் கிளியர்' என்று எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது அவர்கள் சொல். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதனால் ஒரு ஸ்டேஷன்காரர் அடுத்த ஸ்டேஷனைக் கேட்பார், அங்கிருந்து 'லைன் கிளியர்' என்று பதில் வந்தால்தான் ஓட்டுநர் கையில் டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் வண்டி ஒரு அடி நகரக் கூடாது. நிற்காமல் போகிற வண்டிக்குப் பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டித் தூக்கிப் பிடிப்பார்கள், ஓட்டுநர் போகிற போக்கில் கையை நீட்டி அதற்குள் விட்டு வாங்கிக்கொள்வார். சரியாகப் பிடிக்காவிட்டால் தோள்பட்டை வீங்கிவிடும் என்று அப்பா சொல்வார்.


மோட்டோ தம்பி எழுதியது:

அங்கிள், எங்க கூட்டத்துல 'லைன் கிளியர்'னா அந்தப் பொண்ணோட அப்பா வீட்ல இல்லைன்னு அர்த்தம். டோக்கன் எல்லாம் கிடையாது. அக்கா, இதையும் பத்தாவது வாக்கியமா போட்டுக்கலாமா?


பஹாவ் அம்மா எழுதியது:

வேண்டாம் தம்பி. அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறார், நான் எழுதுவதைப் பின்னால் நின்று படித்துக்கொண்டும் இருக்கிறார்.